பின்னலில் ஓரம் கெடாது கண்ணி குறைத்தல்

தறியில் அமர்ந்து பழகிய கண், துணியின் நடுவை முதலில் பார்ப்பதில்லை, ஓரத்தையே பார்க்கிறது. வேட்டியாயினும் துண்டாயினும் அதனைக் கையில் எடுப்பவர் இரு விரல்களால் ஓரத்தைத் தடவிப் பார்த்த பின்னரே விலை கேட்கிறார். ஊடையை அளவுக்கு மீறி இழுத்தால் ஓரம் உள்வாங்குகிறது. ஓரத்துப் பாவிழைகள் அச்சில் உராய்ந்து அறுகின்றன. தளர விட்டாலோ, ஓரத்தில் இழை தொங்குகிறது. உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்து நெசவாளருக்கு இதனை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இளமையிலேயே அவர்கள் கற்ற பாடம் இது. அப்பாடமே ஊசிப் பின்னலுக்கும் பொருந்தும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெசவாளர் இதழில் ஊசிப் பின்னலைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்துக்கொண்டால் குழித்தறியின் குழியில் ஈரம் ஊறுகிறது. பாவை விரித்துக் கஞ்சியிட்டு உலர்த்த வெயில் கிடைப்பதில்லை. தறி நின்றால் கூலியும் நிற்கிறது. கரிசல் நிலத்தில் பருத்தி பயிரிடும் இல்லங்களிலும் அடைமழை நாட்களில் வயலில் கால் வைக்க இயலாது. ஆனால், இரண்டு ஊசியும் சிறிது நூலும் கொண்டு செய்யும் தொழிலுக்குக் குழியும் வேண்டா, வெயிலும் வேண்டா. திண்ணையில் அமர்ந்தே செய்யலாம். ஆதலின், இதனை மழைக்கால உபதொழிலாக மேற்கொள்ளும் குடும்பங்கள் அதனைச் செம்மையாகச் செய்வது அவசியமாகிறது.

சென்ற மழைக்காலத்தில் நெசவுக் குடும்பத்துச் சகோதரி ஒருவர் பருத்தி நூலால் பின்னிய குழந்தைச் சட்டை ஒன்றை நாம் காண நேர்ந்தது. நூல் நல்ல நூல். கண்ணிகள் சீரானவை. அளவும் பிசகவில்லை. ஆயினும் விற்பனைக்கு எடுத்துச் சென்றவர் அதனைத் திருப்பிக் கொணர்ந்துவிட்டார். கையின் ஓரம் நெடுகிலும் சிறு முடிச்சுகள் போன்ற தடிப்புகள் தென்பட்டன. இரண்டு ஓரங்களையும் இணைத்த தையல் பாம்புபோல் நெளிந்திருந்தது. ஏழு நாள் உழைப்பு விலை போகாமல் வீடு திரும்பியது. “கணக்கு ஒன்றும் தவறவில்லையே, எங்கே தவறினேன்?” என்று அச்சகோதரி கேட்டார். தவறு கணக்கில் இல்லை, இடத்தில் இருந்தது. கையைக் குறுக்க வேண்டிய வரிசைகளில், முதல் இரண்டு கண்ணிகளை ஒன்றாக்கியும் கடைசி இரண்டு கண்ணிகளை ஒன்றாக்கியும் அவர் பின்னியிருந்தார். குறை அவ்வளவே.

கண்ணி குறைத்தல் எதற்கு?

தறியில் துணியின் அகலத்தை அச்சு முடிவு செய்துவிடுகிறது. அதில் சட்டையின் கை போன்ற உருவம் வேண்டுமாயின் கத்தரியால் வெட்டியே ஆகவேண்டும். இயந்திரத்தில் பின்னும் பனியன் துணிக்கும் பெரும்பாலும் இதே கதிதான். 1920களில் பனியன் தொழில் தொடங்கிய திருப்பூரில், வட்ட இயந்திரங்களிலிருந்து குழாய் வடிவில் இறங்கும் துணியை அடுக்கி வெட்டியே ஆடை தைக்கிறார்கள். வெட்டியபின் மிஞ்சும் துண்டுகள் பனியன் வேஸ்ட் என்ற பெயரில் இயந்திரங்களைத் துடைப்பதற்கு விலையாகின்றன.

ஊசிப் பின்னலின் சிறப்பு யாதெனில், கத்தரி இன்றியே துணிக்கு உருவம் தரலாம் என்பதே. ஒரு வரிசையில் இருந்த கண்ணிகளில் இரண்டை ஒன்றாக்கினால் அடுத்த வரிசை அந்த அளவுக்குக் குறுகுகிறது. கை, கழுத்து, தோள், குல்லாய் ஆகிய எல்லாம் இவ்வாறே உருப்பெறுகின்றன. ஒரு பிடி நூலும் கத்தரிப்பாய் வீணாவதில்லை. நூல் விலையை அறிந்த நம் அங்கத்தினர்க்கு இதன் பயனை விரித்துரைக்க வேண்டா.

சொற்களை முதலில் தெளிவோம்

பின்னலில் ஊசியின்மேல் நிற்கும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. நூலைப் பின்னால் வைத்து, கண்ணிக்குள் முன்பக்கமிருந்து ஊசியை நுழைத்து எடுப்பது நேர்க்கண்ணி. கற்றவர்கள் இதனை நிட் என்பர். நூலை முன்னால் வைத்து, பின்பக்கமிருந்து ஊசியை நுழைத்து எடுப்பது புறக்கண்ணி. இதனைப் பர்ல் என்பர். முன்புற வரிசை முழுவதும் நேர்க்கண்ணியும் பின்புற வரிசை முழுவதும் புறக்கண்ணியுமாகப் பின்னினால், பனியன் துணியில் காண்பதுபோன்ற வழவழப்பான முகம் கிடைக்கும். இங்கு நாம் கூறுவன யாவும் அத்தகைய பின்னலுக்கு உரியவை. முன்புறம் நம்மை நோக்கியிருக்க, வேலை வலமிருந்து இடமாகச் செல்கிறது. ஆகவே முன்புற வரிசையின் தொடக்கம் துணியின் வல ஓரம். முடிவு இட ஓரம்.

ஓரத்திலேயே குறைத்தால் என்ன நேர்கிறது?

ஓரக் கண்ணிக்கு ஒரு பக்கமே துணை உண்டு. நடுவிலுள்ள கண்ணியை இருபுறத்துக் கண்ணிகளும் இழுத்துப் பிடிக்கின்றன. ஓரக் கண்ணியையோ உட்பக்கத்துக் கண்ணி மட்டுமே பிடிக்கிறது. எனவே அது இயல்பாகவே சற்றுத் தளர்ந்திருக்கும். அதன்மேல் இரு கண்ணிகளின் சுமையை ஏற்றினால், குறைத்த வரிசையில் தடிப்பும் குறைக்காத வரிசையில் தளர்வும் மாறிமாறி வருகின்றன. ஓரம் நேர்கோடாய்ச் சரியாமல் படிப்படியாய் இறங்குகிறது.

தைக்கும்போது இக்குறை இரட்டிப்பாகிறது. பின்னல் துண்டுகள் இரண்டை முன்புறம் பார்த்தபடி இணைப்பவர்கள், ஓரக் கண்ணிக்கும் அதற்கு அடுத்த கண்ணிக்கும் இடையே ஏணிப் படிபோல் அமைந்த குறுக்கிழைகளைப் பக்கத்துக்கு ஒன்றாய்க் கோத்துச் செல்கிறார்கள். ஓரத்திலேயே குறைத்த துண்டில் இந்த ஏணி குறைத்த இடந்தோறும் முறிகிறது. ஊசி எந்த இழையில் நுழைவது என்று தெரியாமல் தடுமாறுகிறது, தையல் நெளிகிறது. மேற்கூறிய சட்டைக்கு நேர்ந்தது இதுவே.

விதி ஒன்றே

ஓரத்துக் கண்ணிகளைத் தொடாதீர்கள். குறைப்பதை உள்ளே செய்யுங்கள். ஒவ்வோர் ஓரத்திலும் இரண்டு கண்ணிகளை வரிசைதோறும் மாறாமல் பின்னிக்கொண்டு, மூன்றாவதையும் நான்காவதையும் ஒன்றாக்க வேண்டும். ஓரத்து இரு கண்ணிகளும் தறித்துணியின் கரைபோல அடியிலிருந்து நுனிவரை அறாமல் ஓடும். ஏணி முறியாது. குறைத்த இடங்கள் ஓரத்திற்கு இணையாக ஒரு வரிபோல் அமைந்து, வேண்டுமென்றே செய்த அலங்காரமாய்த் தோன்றும். மறைக்க முயன்ற குறை, உள்ளே தள்ளி வைத்தவுடன் அழகாகிவிடுகிறது.

வலச்சாய்வும் இடச்சாய்வும்

இரு கண்ணிகளை ஒன்றாக்கும்போது ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் அமைகின்றன. மேலே நிற்கும் கண்ணி சாயும் திசையே கண்ணுக்குத் தெரியும். இதில் இரு முறைகள் உள.

முதலாவது வலச்சாய்வு. இட ஊசியிலுள்ள இரு கண்ணிகளிலும் வல ஊசியை ஒருசேர நுழைத்து ஒரே நேர்க்கண்ணியாகப் பின்னுவது. இதில் இடப்பக்கத்துக் கண்ணி மேலே நின்று வலப்பக்கம் சாயும்.

இரண்டாவது இடச்சாய்வு. முதற் கண்ணியைப் பின்னாமல், நேர்க்கண்ணிக்கு நுழைப்பதுபோல் ஊசியை நுழைத்து வல ஊசிக்கு மாற்றிக்கொள்க. அடுத்த கண்ணியையும் அவ்வாறே தனியாக மாற்றுக. பின்னர் இட ஊசியின் நுனியை அவ்விரு கண்ணிகளின் முன்பக்கமாக இடமிருந்து வலமாக நுழைத்து, இரண்டையும் ஒன்றாக நேர்க்கண்ணியாய்ப் பின்னுக. இதில் வலப்பக்கத்துக் கண்ணி மேலே நின்று இடப்பக்கம் சாயும். கண்ணிகளை முதலில் மாற்றிக்கொள்வது அவற்றைத் திருப்பி வைப்பதற்கே. மாற்றாமல் பின்புறமாக ஊசியை நுழைத்துப் பின்னினால் கண்ணிகள் முறுக்கிக்கொள்ளும்.

எதனை எங்கே செய்வது? துணி மேலே போகப் போகக் குறுகுங்கால் வல ஓரம் இடப்பக்கமாகச் சரிகிறது; இட ஓரம் வலப்பக்கமாகச் சரிகிறது. கண்ணியும் ஓரம் சரியும் திசையிலேயே சாய்ந்தால் வரி தெளிவாக அமையும். ஆகவே வரிசையின் தொடக்கத்தில் இடச்சாய்வு, முடிவில் வலச்சாய்வு. முன்புற வரிசை ஒன்று இவ்வாறு அமையும்: இரண்டு நேர்க்கண்ணி, ஓர் இடச்சாய்வு, கடைசி நான்கு கண்ணிகள் எஞ்சும்வரை நேர்க்கண்ணி, ஒரு வலச்சாய்வு, இரண்டு நேர்க்கண்ணி. வரிசையில் இரு கண்ணிகள் குறைந்திருக்கும். இரண்டையும் இடம் மாற்றிச் செய்தால் எண்ணிக்கை சரியாகவே இருக்கும்; ஆனால் கண்ணிகள் ஓரத்தை எதிர்த்துச் சாய்ந்து இறகுபோல் பிரிந்து நிற்கும். அதனை அலங்காரமாக விரும்புவோரும் உண்டு. எதுவாயினும், ஒரு பக்கம் ஒரு வகையும் மறுபக்கம் வேறு வகையும் ஆகாமல், கண்ணாடியில் கண்டாற்போல் இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும்.

குறைப்பதை முன்புற வரிசைகளில் மட்டும் வைத்துக்கொள்வது புதிதாய்க் கற்போர்க்கு எளிது. பின்புற வரிசையிலும் குறைக்க நேர்ந்தால், அவ்வரிசை இட ஓரத்திலிருந்து தொடங்குவதை நினைவிற்கொள்க. தொடக்கத்தில் இரு புறக்கண்ணிகளை ஒருசேரப் பின்னினால் அது முன்புறத்தில் வலச்சாய்வாகவே தெரியும்.

கணக்கு

பாவு ஓடுமுன் இழைக் கணக்குப் போடாத நெசவாளர் இல்லை. பின்னலுக்கும் கணக்கு வேண்டும். முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி, துவைத்து உலர்த்தி, 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணுக. எடுத்துக்காட்டாக 20 கண்ணியும் 28 வரிசையும் வந்தன என்று கொள்வோம்.

ஒரு சிறுவன் சட்டையின் அரைக் கை, மேலே 28 சென்டிமீட்டர் அகலமும் முழங்கையருகே 20 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் நீளமும் இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகப் பின்னுகிறோம். தொடக்கத்தில் 56 கண்ணிகள். முடிவில் 40 கண்ணிகள். குறைக்க வேண்டியவை 16. குறைக்கும் வரிசை ஒன்றுக்கு 2 வீதம் 8 வரிசைகள் தேவை. நீளத்திற்கு மொத்தம் 56 வரிசைகள். முதல் வரிசை முன்புறம் எனக் கொண்டு, 7, 13, 19, 25, 31, 37, 43, 49 ஆகிய வரிசைகளில் குறைத்தால் எல்லாம் முன்புற வரிசைகளாகவே அமையும். எஞ்சும் 7 வரிசைகளைக் குறைக்காமல் பின்னினால் கையின் விளிம்பு நேராக நிற்கும். முதலில் குறைக்கும் வரிசையில், 2 நேர்க்கண்ணி, இடச்சாய்வு, 48 நேர்க்கண்ணி, வலச்சாய்வு, 2 நேர்க்கண்ணி எனப் பின்னி, ஊசியில் 54 நிற்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். குறைத்த வரிசைதோறும் எண்ணுவது வீண் வேலையன்று. தவறிய ஒன்றை உடனே கண்டால் ஒரு வரிசையை அவிழ்த்தால் போதும்.

பருத்தி நூலுக்கு உரிய எச்சரிக்கை

கம்பளி நூலுக்கு நெகிழ்ச்சி மிகுதி. சிறு தளர்வை அது தானே உள்வாங்கிக்கொள்ளும். பருத்தி அவ்வாறன்று. பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டையில் பருத்திக்கென்றே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இயங்கும் அளவுக்குப் பருத்தி நம் பக்கத்துப் பயிர். நமக்கு எளிதில் கிடைப்பதும், நம் வெயிலுக்கு உகந்ததும் பருத்தி நூலே. ஆதலின் அதன் குணமறிந்து கையாள வேண்டும்.

கடையில் பின்னல் நூல் வாங்க வேண்டும் என்பதில்லை. ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை என்பதே நூலின் எண் என்பதை அங்கத்தினர் அறிவர். 2/20 நூல் இரு இழை சேர்ந்து 10ஆம் எண்ணுக்குச் சமம். அதில் எட்டைச் சேர்த்தால் ஒன்றேகால் எண். ஏறத்தாழ 100 கிராமுக்கு 210 மீட்டர். 4 மில்லிமீட்டர் ஊசியில் பின்ன இது பொருத்தமான பருமன். அந்நூலில் ஏற்கெனவே உள்ள முறுக்கிற்கு எதிர்த்திசையில் ராட்டையில் மெல்ல முறுக்கிக்கொண்டால், பின்னும்போது இழைகள் பிரியாமல் ஊசிக்கு அடங்கும்.

பருத்தியில் இடச்சாய்வுக் கண்ணி, வலச்சாய்வைவிடப் பெரிதாய்த் தோன்றுவது உண்டு. மாற்றும்போதும் பின்னும்போதும் கண்ணி இருமுறை இழுபடுவதே காரணம். அதற்குப் பரிகாரம் மூன்று. கண்ணிகளை ஊசி நுனியிலேயே மாற்றுக; தண்டுவரை தள்ளி விரிக்க வேண்டா. இரண்டாம் கண்ணியை மட்டும் புறக்கண்ணிக்கு நுழைப்பதுபோல் நுழைத்து மாற்றினால் அது மேலும் அடங்கிக் கிடக்கும். குறைத்த பின் வரும் கண்ணியைச் சற்றே இறுக்கிப் பின்னினால் மிகுந்த நூல் அதில் சேர்ந்துவிடும். ஓரத்து முதற் கண்ணியையும் இறுக்கலாம். ஆனால் ஊடையை இழுத்து ஓரத்தைச் சுருக்கும் நெசவாளரைப்போல் மிகையாக இழுக்கலாகாது.

ஓரம் தைக்கப்படுமா, வெளியே தெரியுமா என்பதையும் முன்னரே தீர்மானிக்க வேண்டும். தைக்கும் ஓரமாயின் எல்லா வரிசைகளிலும் ஓரக் கண்ணியைப் பின்னுக. கழுத்துக் குட்டைபோல் வெளியே தெரியும் ஓரமாயின், ஒவ்வொரு வரிசையின் முதற் கண்ணியையும் பின்னாமல், புறக்கண்ணிக்கு நுழைப்பதுபோல் ஊசியை நுழைத்து மாற்றிவிடுக. ஓரம் சங்கிலிபோல் வழவழப்பாய் அமையும். முடித்த ஆடையைத் துவைத்தபின் கொடியில் தொங்கவிடாமல் விரித்து உலர்த்துக. நனைந்த பருத்திப் பின்னல் தன் கனத்தாலேயே நீண்டுவிடும்.

இயந்திரமும் கண்டுகொண்ட உண்மை

ஓரத்தைத் தொடாதே என்னும் விதி கைத்தொழிலாளர் மட்டும் கைக்கொண்டதன்று. இங்கிலாந்தில் நாட்டிங்காம் அருகே கால்வெர்டன் என்னும் ஊரில் வில்லியம் லீ என்பவர் 1589இல் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். அதில் காலுறையைக் குறுக்குவதற்குக் கண்ணிகளைக் கையால் இடம் மாற்றினார்கள். 1864இல் வில்லியம் காட்டன் என்பவர், குறுக்கும் வேலையைத் தானே செய்யும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வகை இயந்திரம் ஓரக் கண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்றாய் ஏற்றுவதில்லை. ஓரத்துக் கண்ணிகள் சிலவற்றைக் கூட்டமாகவே உட்புறம் நகர்த்துகிறது. இரட்டிப்பது ஓரத்திற்குச் சில கண்ணிகள் உள்ளே நிகழ்கிறது. அவ்விடத்தில் சிறு புள்ளிகள் போன்ற அடையாளம் விழுகிறது. அறிந்து வாங்குவோர் அப்புள்ளிகளைத் தேடிப் பார்க்கிறார்கள். ஏனெனில், அவ்வாடை வெட்டித் தைத்ததன்று, உருவமாகவே பின்னப்பட்டது என்பதற்கு அவை சாட்சி. நம் சகோதரிகள் திண்ணையில் அமர்ந்து அமைக்கும் வரியும் அதே சாட்சியே.

பழகும் வழி

முழு ஆடையில் தொடங்க வேண்டா. 24 கண்ணிகள் இட்டு இரண்டு துண்டுகள் பின்னுக. ஒன்றில் முன்புற வரிசைதோறும் ஓரத்திலேயே குறைத்து, 8 கண்ணிகள் ஆகும்வரை செல்க. மற்றொன்றில் இரு கண்ணிகள் உள்ளே குறைத்து அதே 8 வரை செல்க. இரண்டிலும் எண்ணிக்கை ஒன்று, நூல் ஒன்று, நேரமும் ஒன்றே. பின் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; விரலால் ஓரத்தைத் தடவியும் பாருங்கள். இக்கட்டுரை முழுவதும் கூறியதை அவ்விரு துண்டுகளும் ஒரு நொடியில் கூறிவிடும். சங்கக் கட்டடத்தில் இவ்விரு மாதிரிகளையும் ஓர் அட்டையில் தைத்து வைத்தால் புதிதாய்க் கற்போர்க்குப் பெரிதும் பயன்படும்.

முன்னே கூறிய சகோதரி என்ன செய்தார் என்பதையும் சொல்லி முடிப்போம். வெட்டிய துணியை ஒட்ட வைக்க இயலாது. பின்னலை அவிழ்க்க இயலும். தையலைப் பிரித்துக் கைகள் இரண்டையும் அவிழ்த்து, நூலை நனைத்து நீவி உலர்த்தி, இரு கண்ணிகள் உள்ளே தள்ளிக் குறைத்து மீண்டும் பின்னினார். உடற்பகுதியைத் தொடவில்லை. இரண்டே நாளில் வேலை முடிந்தது. நூலும் புதிதாய்த் தேவைப்படவில்லை. மறுமுறை அச்சட்டை திரும்பி வரவில்லை. ஏழு நாள் உழைப்புக்கும் அதன் விலைக்கும் இடையே நின்றவை இரண்டே கண்ணிகள் என்பதை அங்கத்தினர் இல்லந்தோறும் நினைவிற்கொள்வார்களாக.